இரைப்பையோடு ஒரு நூற்றாண்டு

2019இன் தொடக்கத்தில் லான்செட் குழும இதழொன்றில் ஜெர்மனியில் நடந்த ஒரு மருந்துச் சோதனையின் முடிவு வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள, அதுவரை இன்சுலின் பழகாத ஐம்பது பேர் அதில் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு இன்சுலின் மாத்திரை வழியாகப் போனது. மறு பாதிக்கு கிளார்ஜின் என்ற இன்சுலின் ஊசி வழியாகப் போனது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பிலும் சர்க்கரை ஏறத்தாழ ஒரே மாதிரி இறங்கியிருந்தது. ஏறக்குறைய நூறு வருடக் கனவு பலித்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் மாத்திரையைத் தயாரித்த நோவோ நார்டிஸ்க் நிறுவனம் அந்தத் திட்டத்தை அத்துடன் மூடிவிட்டது. விழுங்கிய இன்சுலினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தை எட்டியது. மீதி வயிற்றோடு போயிற்று. அந்த இழப்பை ஈடுகட்ட ஒவ்வொரு மாத்திரையிலும் அடைக்க வேண்டிய இன்சுலினைக் கோடிக்கணக்கானவர்களுக்குத் தயாரிப்பது வணிகரீதியில் கட்டுபடியாகாது என்று அந்தக் கட்டுரையே சொன்னது.

ஜெயித்த மருந்தைக் கைவிட வேண்டிவந்த இந்த முடிவைப் புரிந்துகொள்ள நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும். இன்சுலினுக்கும் முந்தைய ஒரு சுரப்பியிலிருந்து தொடங்குவது நல்லது.

1891இல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு வற்றிப்போய் உடல் வீங்கி மந்தமாகிவிட்ட ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அவர் தேறினார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் வேறு இரு மருத்துவர்கள், ஊசி எதற்கு, சுரப்பியையே சாப்பிடக் கொடுத்தால் என்ன என்று தனித்தனியே முயன்றார்கள். ஒருவர் அதை லேசாக வறுத்துப் பழப்பாகுடன் கொடுத்தார். அதுவும் பலித்தது. மர்ரேயின் நோயாளி அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் உயிரோடிருந்தார்.

இந்த வெற்றிதான் கணையத்தின் மேலும் நம்பிக்கையை வளர்த்தது. 1889இல் ஸ்ட்ராஸ்பூர்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் நாயின் கணையத்தை அகற்றினால் நீரிழிவு வருவதைக் கண்டிருந்தார்கள். அப்படியானால் கணையத்தைச் சமைத்துக் கொடுத்தால் நீரிழிவு போக வேண்டுமே? பலர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்குக் கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்ட பிறகுதான் கதவு திறந்தது. அதற்கு மறு ஆண்டே, ஆல்கஹாலில் கரைத்த இன்சுலினை வாய்வழியே கொடுத்துப் பார்த்த குறிப்பொன்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்துவிட்டது. அதாவது ஊசிக்கும், ஊசியிலிருந்து தப்பும் ஆசைக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

தைராய்டு ஏன் பலித்தது, கணையம் ஏன் பலிக்கவில்லை? தைராய்டு சுரக்கும் தைராக்சின் சிறிய மூலக்கூறு. அதன் எடை 777 டால்டன். அமிலத்தையும் நொதிகளையும் தாண்டிக் குடல் சுவரில் நழுவிவிடும். இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன, 5,800 டால்டன் எடையுள்ள புரதம். வயிற்றுக்கு அது மருந்தாகத் தெரிவதில்லை. பருப்பும் முட்டையும் போல இன்னொரு சாப்பாடு. இரைப்பையில் பெப்சின் அதை வெட்டத் தொடங்கும், சிறுகுடலில் டிரிப்சினும் கைமோடிரிப்சினும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தப்பியது சளிப்படலத்தில் சிக்கும். அதையும் கடந்தால் ஒன்றோடொன்று இறுக்கித் தைக்கப்பட்ட செல்களின் வரிசை நிற்கும். மூன்று முதல் ஐந்து நாளில் அந்த வரிசையே உதிர்ந்து புதிதாகிவிடும்.

மருந்தியலார் இதையெல்லாம் 'தடைகள்' என்றே எழுதுவார்கள். ஆனால் குடல் தன் வேலையைத்தான் செய்கிறது. அந்நியப் புரதம் முழுதாக உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை ஒவ்வாமை உள்ள குழந்தையைப் பெற்றவர்களிடம் கேட்கலாம். இயற்கை இந்தக் கதவைத் திறந்துவைப்பது அபூர்வம். கன்று பிறந்த முதல் நாளில் அதன் குடல் சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதங்களை முழுசாக உறிஞ்சிக்கொள்ளும். ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். பிறந்த கன்றுக்குச் சீம்பால் ஊட்டத் தாமதிக்கக் கூடாது என்று மாடு வளர்ப்பவர்கள் அவசரப்படுவது இதனால்தான். பல்லாண்டுகளாக ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருப்பது அந்த முதல் நாள் குடலை, பெரியவர்களின் வயிற்றில், ஒரே ஒரு மருந்துக்கு மட்டும்.

அந்தத் தேடலில் அதிக நம்பிக்கையைச் சுமந்தவை மைக்ரோஸ்பியர் எனப்படும் நுண்கோளங்கள். முதலில் அவை வாய்க்காகப் பிறந்தவையே அல்ல. 1976இல் பாஸ்டனில் புற்றுநோய் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மனோடு வேலை செய்த ராபர்ட் லாங்கர் என்ற வேதிப் பொறியாளர், பாலிமருக்குள் அடைத்த புரதம் நாட்கணக்கில் மெல்ல வெளியேறும் என்று நேச்சர் இதழில் காட்டினார். அவ்வளவு பெரிய மூலக்கூறு ஒரு திடப்பொருளிலிருந்து அப்படிக் கசியாது என்பதுதான் அதுவரை இருந்த பொதுக்கருத்து. பிறகு, உடலுக்குள் தானே கரையும் அறுவைத் தையல் நூல்களுக்குப் பயன்பட்டுவந்த லாக்டிக், கிளைக்காலிக் அமிலப் பாலிமர்கள் இந்த வேலைக்கு வந்தன. 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லூப்ரான் டெப்போ, புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒரு ஊசி போதும் என்றாக்கியது. தலைமுடியைவிட மெல்லிய உருண்டைகளில் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு. அது பெரும் வெற்றி.

ஒன்பது அமினோ அமிலச் சரத்துக்கு வாய்த்தது முழுப் புரதத்துக்கு அவ்வளவு எளிதில் வாய்க்கவில்லை. வளர்ச்சி ஹார்மோனை அதே வகை நுண்கோளங்களில் அடைத்த நியூட்ரோபின் டெப்போ 1999இல் அனுமதி பெற்றது. 2004இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. புரதத்தை நீரில் கரைத்து, அதைப் பாலிமர் கரைந்த கரிமக் கரைப்பானில் துளிகளாக்கி, அதை மீண்டும் நீரில் துளிகளாக்கிக் கரைப்பானை ஆவியாக விடுவது வழக்கமான செய்முறை. நீரும் கரைப்பானும் சந்திக்கும் எல்லையில் புரதம் தன் மடிப்பை இழக்கும். கோளம் கரையத் தொடங்கியதும் உள்ளே அமிலம் சேர்ந்து மிச்சத்தைக் கெடுக்கும். முதல் நாளே மருந்தில் ஒரு பெரும் பங்கு குபுக்கென்று வெளியேறிவிடும். இவ்வளவும் ஊசியில் போகும் கோளங்களுக்கு உள்ள தொல்லை. வாய்வழிக் கோளத்துக்கு இதன்மேல் இரைப்பையும் உண்டு.

இருந்தும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாய்வழி ஆய்வில் ஒரு பொற்காலமே நடந்தது. 1986இல் ஒஹாயோவில் மர்ரே சஃப்ரானின் குழு, பெருங்குடல் பாக்டீரியாக்கள் மட்டுமே பிளக்கக்கூடிய அசோ பிணைப்புகள் கொண்ட பாலிமரால் இன்சுலினைப் போர்த்தியது. நொதிகள் குறைவாக உள்ள பெருங்குடல்வரை மருந்து பத்திரமாகப் போகட்டும் என்பது கணக்கு. 1988இல் பிரான்சில் கிறிஸ்தியான் டாம்ழேயும் சகாக்களும் சயனோஅக்ரிலேட் நானோகுளிகைகளில் இன்சுலினை அடைத்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு வேளை மருந்தில் சர்க்கரை நாட்கணக்கில் தாழ்ந்திருந்தது. 1997இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஈடித் மாத்தியோவிட்ஸ், சளிப்படலத்தில் ஒட்டிக்கொண்டு மெல்ல அரியும் பாலிஅன்ஹைட்ரைடு நுண்கோளங்களை நேச்சரில் அறிமுகப்படுத்தினார். அவை குடல் செல்களைத் துளைத்தும் இடைவெளிகளில் நுழைந்தும் கடப்பதைப் படம்பிடித்துக் காட்டினார். 1999இல் நிக்கோலஸ் பெப்பாஸின் குழு, அமிலத்தில் சுருங்கி மூடிக்கொண்டு குடலில் ஊதித் திறக்கும் ஹைட்ரோஜெல் துகள்களைச் செய்தது. பெப்பாஸின் யோசனை இவற்றுள் மிக அழகானது. வயிற்றின் வேதியியலையே அது சாவியாக்கிக்கொண்டது.

நம் மருந்தாக்கவியல் கல்லூரிகளுக்கும் இந்த அலை வந்தது. கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட், இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான்: இரண்டுமே மலிவு, இரண்டுமே உண்ணத்தக்கவை. ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடில் சொட்டினால் அப்போதே உருண்டையாகிவிடும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். எம்.ஃபார்ம் மாணவர் ஒரு பருவத்துக்குள் செய்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, ஆய்வேடு கட்டிவிடலாம்.

கட்டியும் விட்டார்கள், இங்கே மட்டுமல்ல, உலகம் முழுக்க. இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. இந்தத் துறையின் ஆய்வுக்கட்டுரைகளை வாசித்தால் ஒரே கதை ஆளை மாற்றி ஆளை மாற்றிச் சொல்லப்படுவது தெரியும். எலியைப் பட்டினி போடுவது, குழாய் வைத்து நேராக வயிற்றுக்குள் மருந்தை இறக்குவது, சர்க்கரை இறங்கும் கோட்டை வரைவது, 'நம்பிக்கையளிக்கிறது' என்று முடிப்பது. சாப்பிட்ட வயிற்றில் என்ன ஆகும், ஒரே எலிக்கு நேற்றும் இன்றும் ஒரே அளவு உறிஞ்சப்பட்டதா, கொடுத்ததில் எத்தனை பங்கு இரத்தத்துக்கு வந்தது என்ற கேள்விகள் பின்வரிசையில்தான் உட்காரும். முன்னுரைகளில் குடலின் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் என்ற வரி இன்றும் உலவுகிறது. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, செரிமானப் பாதையின் மொத்தப் பரப்பே சுமார் 32 சதுர மீட்டர்தான், அரை பேட்மிண்டன் மைதானம் போதும் என்று திருத்திவிட்டார்கள். வாசல் நினைத்ததைவிடச் சிறியது.

இன்சுலினைப் பொறுத்தவரை அளவுதான் உயிர்நாடி. நூற்றில் இரண்டு பங்கு உறிஞ்சப்படும் மாத்திரை ஒருநாள் நூற்றில் நான்கு உறிஞ்சப்பட்டால், நோயாளிக்கு இரட்டை டோஸ். காலையில் இட்லிக்கு முன் விழுங்கியதற்கும் பின் விழுங்கியதற்கும் அவ்வளவு வித்தியாசம் வரலாம். தாழ்சர்க்கரை மயக்கத்தில் கொண்டுபோய் விடும் மருந்தில் இந்த ஆட்டத்துக்கு இடமில்லை. கோளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியவில்லை. அமெரிக்காவின் நோபெக்ஸ் நிறுவனத்திடமிருந்து 2006இல் பெங்களூரின் பயோகான் வாங்கி வளர்த்த ஐஎன்-105 என்ற வாய்வழி இன்சுலினும், இஸ்ரேலின் ஓராமெட் வளர்த்த குளிகையும் வேறு வேறு உத்திகளைக் கையாண்டவை. முன்னது 2011இலும் பின்னது 2023 ஜனவரியிலும் மூன்றாம் கட்டச் சோதனையில் தம் முதன்மை இலக்கை எட்டவில்லை.

அப்படியானால் நுண்கோளத்தில் உழைத்ததெல்லாம் வீணா என்று கேட்டால், எனக்கு மிகப் பிடித்த கிளைக்கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

1950களில் ஃபுளோரிடாவில் சிட்னி ஃபாக்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் உயிரின் தொடக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். உலர்ந்த அமினோ அமிலங்களைச் சூடேற்றினால் அவை சங்கிலியாகக் கோத்துக்கொண்டன. புரதம் போன்ற அந்தப் பொருளுக்குப் புரோட்டினாய்டு என்று பெயரிட்டார். அதை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் பாக்டீரியா அளவிலான கோளங்கள் தாமாகவே உருண்டு திரண்டன. ஆதி உலகின் எரிமலைச் சரிவில் முதல் செல் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று ஃபாக்ஸ் நம்பினார். 1998இல் இறக்கும்வரை அந்த நம்பிக்கையை விடவில்லை. சக அறிவியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

உயிரின் தோற்றத்தை விளக்காத அந்தக் கோளங்களிடம் ஒரு குணம் இருந்தது: அமிலத்தில் உருண்டையாக நிற்கும், அமிலம் குறைந்தால் கரைந்துவிடும். வயிற்றிலிருந்து குடலுக்குப் போகும் பயணியிடம் வேறென்ன கேட்க வேண்டும்? எண்பதுகளின் நடுவில் சாலமன் ஸ்டைனர் முதலானோர் நியூயார்க்கில் தொடங்கிய, பின்னாளில் எமிஸ்பியர் என்று பெயர் பெற்ற நிறுவனம் இந்தக் கோளங்களில் மருந்தை ஏற்றி வாய்வழியே அனுப்பப் பார்த்தது. புரோட்டினாய்டு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராத கலவை. ஆகவே அதன் இடத்தில் வைக்க, திட்டமான அமைப்புள்ள சிறு அமினோ அமில வழிப்பொருட்களை வரிசையாகச் சோதித்தார்கள். அப்படிச் சோதிக்கையில்தான் விசித்திரம் புலப்பட்டது. கோளமாகத் திரளாமலே, வெறுமனே கூட இருந்தாலே இந்தச் சிறு மூலக்கூறுகளில் சில புரதத்தைச் சுவர் கடத்திவிட்டன. உருண்டை தேவையில்லை!

அந்த வரிசையில் வந்த ஒரு உப்புதான் ஸ்நாக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சால்கேப்ரோசேட் சோடியம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினோடு சேர்த்து வாய்வழி மருந்தாக்கும் முயற்சி 2002இல் பெரிய சோதனையில் தோற்றது. 2008இல் நோவோ நார்டிஸ்க் அதன் உரிமத்தை வாங்கி, ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போல வேலை செய்யும் நீரிழிவு மருந்தோடு சேர்த்துப் பார்த்தது. 2019 செப்டம்பரில் ரிபெல்சஸ் என்ற பெயரில் அவ்வகையைச் சேர்ந்த செமாக்ளூடைடு மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2022 ஜனவரியில் அது இந்தியாவுக்கும் வந்தது. 2020இல் எமிஸ்பியரையே நோவோ 1.8 பில்லியன் டாலர் செலவில் வாங்கிக்கொண்டது. உயிரின் பிறப்பைத் தேடிய ஆய்வின் தூரத்துப் பேரப்பிள்ளை இன்று சர்க்கரை நோயாளிகளின் மாத்திரைப் பட்டையில் இருக்கிறது. ஸ்டைனரோ கோளத்தை விடவில்லை. அமிலத்தில் திரண்டு நடுநிலையில் கரையும் வேறொரு மூலக்கூறால் நுண்துகள்கள் செய்து நுரையீரலுக்குத் திருப்பினார். 2014இல் அனுமதி பெற்ற அஃப்ரெஸ்ஸா என்னும் முகரும் இன்சுலின் தூள் அதன் விளைவு.

ரிபெல்சஸ் எங்கே உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தபோது இன்னொரு திருப்பம் காத்திருந்தது. 2018இல் வெளியான ஆய்வு காட்டியபடி, குடலில் அல்ல, இரைப்பையில். மாத்திரை கரையும் இடத்தைச் சுற்றி மட்டும் ஸ்நாக் அமிலத்தைத் தணிக்கிறது, பெப்சின் சற்று ஓய்கிறது, பக்கத்துச் செல்சவ்வு இளகுகிறது. மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் எந்த உறுப்பிலிருந்து மருந்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டார்களோ, அதுவே வாசலாகிவிட்டது. அதனால்தான் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீருக்கு மிகாமல் குடித்து, பிறகு அரை மணி நேரம் காப்பிகூடத் தொடாமல் இருக்கச் சொல்கிறார்கள். காலைக் காப்பிக்காரர்களுக்கு இது கடுமையான விரதம்தான்.

இதை வாய்வழிப் புரதத்தின் வெற்றி என்று கொண்டாடுவதற்கு முன் அதன் பில்லையும் பார்க்க வேண்டும். மாத்திரையின் முழு அளவு நாளுக்கு 14 மில்லிகிராம், வாரத்துக்கு 98. அதே மருந்து ஊசியாகப் போனால் வழக்கமாக வாரத்துக்கு அரை அல்லது ஒரு மில்லிகிராம் போதும். விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே சேர்வதில்லை. அப்படியும் இது ஓடுவதற்குக் காரணம் செமாக்ளூடைடின் குணம்: அது உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஒருநாள் குறைவாகவும் மறுநாள் கூடுதலாகவும் உறிஞ்சப்பட்டாலும் இரத்தத்தில் சேர்ந்திருக்கும் அளவு சமப்பட்டுவிடும். சற்றுக் கூடினாலும் இன்சுலின் போலச் சட்டென்று ஆளைச் சாய்க்காது. ஆக, இங்கே ஜெயித்தது வாகனத்தின் திறமையைவிடப் பயணியின் பொறுமை. நூறு வருடமாக 'இந்தப் புரதத்தை எப்படிக் கடத்துவது' என்று கேட்டவர்கள், 'கடத்தத் தோதான மூலக்கூறு எது' என்று கேள்வியைத் திருப்பிப் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. ஜப்பானின் சுகாய் நிறுவனம் கண்டுபிடித்த ஆர்ஃபோர்கிளிப்ரான் இந்தத் திருப்பத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோகிறது: ஜிஎல்பி-1 வேலையைச் செய்யும், ஆனால் அது புரதமே இல்லை, சாதாரணச் சிறு மூலக்கூறு.

வீணாகும் அந்த 99 பங்குக்கும் யாரோ பணம் கொடுக்கத்தான் செய்கிறார்கள். உடல் எடையைக் குறைக்கவும் சேர்த்துப் பெரும் விலைக்கு விற்கும் மருந்து அதைத் தாங்கும். இன்சுலின் தாங்காது. ஊசியே இல்லாத வாழ்க்கை யாருக்கு அதிகம் தேவையோ, முதல் வகை நீரிழிவோடு தினம் பல முறை குத்திக்கொள்ளும் குழந்தைகளுக்கு, இந்த நூற்றாண்டு உழைப்பிலிருந்து ஒரு மாத்திரைகூட வரவில்லை. சென்னையின் நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் கணக்கெடுப்பு 2023இல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. 'ஊசி ஆரம்பித்தால் அவ்வளவுதான், கடைசிக் கட்டம்' என்று நம்பி வருடக்கணக்கில் இன்சுலினைத் தள்ளிப்போடும் பெரியவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அவர்களுக்கு மாத்திரை கிடைத்தால் நல்லதுதான். அது வரும்வரை அவர்களிடம் பொறுமையாகப் பேச ஒரு மருத்துவருக்கு நேரமும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மெல்லிய ஊசியும் இன்சுலினும் தட்டுப்பாடில்லாமல் இருப்பதும், இன்னொரு உருண்டை பற்றிய இன்னொரு ஆய்வேட்டைவிட அதிகம் உதவும்.

லாங்கரே 2019இல் வேறு வழிக்குத் திரும்பினார். எம்ஐடியில் அவரும் ஜியோவான்னி டிராவெர்சோவும் நோவோ ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த கருவி பட்டாணி அளவே இருக்கும். எப்படிக் கவிழ்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும் ஒருவகை ஆமையின் ஓட்டைப் பார்த்து வடிவமைத்தது. விழுங்கினால் இரைப்பையின் தரையில் நிமிர்ந்து உட்காரும். சர்க்கரை வில்லை கரைந்ததும் சுருள்வில் விடுபட்டு, உலர்ந்த இன்சுலினாலேயே செய்த முள்ளை இரைப்பைச் சுவரில் இறக்கும். பன்றிகளில் அது வேலை செய்தது. ஊசியை ஒழிக்கப் புறப்பட்ட துறை கடைசியில் ஊசியையே விழுங்கச் சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறது. இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. குடலை ஏமாற்ற முடியாது என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட கருவி வேறில்லை.

கைவிடப்பட்ட அந்த ஜெர்மானியச் சோதனை மாத்திரையின் கதையும் முழுசாக முடியவில்லை. வயிற்றின் நொதிகளுக்குத் தாக்குப்பிடிக்க அதன் இன்சுலின் சங்கிலியில் சில அமினோ அமிலங்களை மாற்றியிருந்தார்கள்; இரத்தத்தில் நீண்ட நேரம் தங்க ஒரு கொழுப்பமில வாலையும் ஒட்டியிருந்தார்கள். அந்த மாற்றங்களில் சிலவும், இன்னும் நீண்ட வாலொன்றும் ஐகோடெக் என்ற இன்சுலினில் இருக்கின்றன. 2024இல் ஐரோப்பா அனுமதித்த அது மாத்திரை அல்ல, ஊசிதான். நாளுக்கு ஒரு முறை அடித்தள இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு வருடத்தில் 365 குத்து. ஐகோடெக்கில் வாரத்துக்கு ஒன்றாக 52.